பாதிப் புகை

பெரம்பலூர்க் கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு ஒரு விஷயம் சின்ன வயசிலேயே பிடிபட்டுவிடும்: நாம் சொல்வதை எவனும் அப்படியே நம்பப் போவதில்லை. பாத்திரக்கடை வைத்திருந்த அப்பா, மகன் அமிர்தலிங்கத்துக்கும் மகள் மணிமொழிக்கும் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான். “நீ ரெண்டு பங்கு சொல்லு, வந்தவன் ஒரு பங்கு கேப்பான், நடுவுல எங்கயாச்சும் முடிஞ்சுக்கும்.” இதைப் பொய் என்கிறவன் சந்தைக்குப் போகாதவன். கழித்துக்கொள்வான் என்று தெரிந்தே கூட்டிச் சொல்வது பொய்யாகாது. அது ஒரு மரியாதை.

அன்று மத்தியானமும் அமிர்தலிங்கம் கூட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவின் பாத்திரக்கடை இப்போது அடுப்பு, மோட்டார், எஞ்சின் என்று மாறியிருந்தது. எதிரே மடக்கு நாற்காலியில் பெரியசாமி. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவர். காலையிலிருந்து ஒரு கேஸ் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் அதன் ஒவ்வொரு திருகையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க டீசல் எஞ்சின் தண்ணிய இறைக்குதோ இல்லியோ, கரும்புகைய நல்லா இறைக்கும். இது சிலிண்டர்ல ஓடுறதுங்க. அதே வேலை, அதே சூடு, புகை பாதி. கண்ணுக்குத் தெரியிற புகையச் சொல்லல. தெரியாத புகை ஒண்ணு இருக்கே, கார்பன் டை ஆக்சைடு, அதுலயே பாதி.”

“பாதிப் புகைன்னா பாதி வெலதான சொல்லணும்?”

“புகைக்கா வெல சொன்னேன்? இல்லாத புகைக்குச் சொன்னேன்.”

பெரியசாமி தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அமிர்தலிங்கத்துக்குத் தெரியும். நீ சொன்ன பாதியை நான் முக்கால் என்று எடுத்துக்கொண்டேன், மேலே பேசு.

அந்தப் பாதி வந்த கதை இது. ரெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் கேன்டீனுக்கு அடுப்பு மாட்டப் போனபோது, சுவரில் ஒரு பட்டியலைப் பார்த்தான். ஒரே அளவு சூட்டை எடுக்க எந்த எரிபொருள் எவ்வளவு கரிவாயுவை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, விடுகிறது என்று போட்டிருந்தது. விறகுக்குப் பதினொன்று. நிலக்கரிக்கு ஒன்பதரை. டீசலுக்கு ஏழரைக்குக் கொஞ்சம் கம்மி. சிலிண்டர் கேஸுக்கு ஆறேகால். குழாயில் வருகிற இயற்கை வாயுவுக்கு ஐந்தரை. நிலக்கரிக்கும் குழாய் வாயுவுக்கும் நடுவில் ஏறக்குறைய பாதி வித்தியாசம். டீசலுக்கும் சிலிண்டருக்கும் பார்த்தால் ஏழுக்கு ஆறு. ஏழுக்கு ஆறு என்று சொன்னால் எந்த விவசாயி எஞ்சின் வாங்குவான்? அமிர்தலிங்கம் நிலக்கரிக்கு எதிரே நின்ற அந்தப் பாதியைப் பெயர்த்துக் கொண்டுவந்து இந்த எஞ்சினின் தலையில் வைத்தான். வாங்குகிறவர்கள் கழித்துக்கொள்வார்கள். கழித்துக்கொண்டும் இருந்தார்கள்.

போன் அடித்தது. மணிமொழி. பாடாலூரில் கட்டிக்கொடுத்த தங்கச்சி.

“அண்ணே, ஒரு சின்ன சந்தேகம். சிலிண்டர் தீரப்போவுதுன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“ஈரத்துணியால தொடச்சுப் பாரு. எதுவரைக்கும் ஈரம் காயாம நிக்குதோ அதுவரைக்கும் கேஸ் இருக்குன்னு அர்த்தம். ஏன், எஞ்சின் நின்னுபோச்சா?”

“நிக்கல. திக்கித் திக்கி ஓடுது. அவரு உள்ள இருக்காரு, கூப்டா பதிலே இல்ல. எஞ்சின் சத்தத்துல காது கேக்கலபோல. அதான் உங்கள கேப்பமேன்னு.”

“உள்ளன்னா எங்க?”

“கெணத்துக்குள்ளண்ணே. நாளைக்குத் தூர் வார ஆளு வருதுல்ல. தண்ணி ரொம்பக் கீழ போயிடுச்சு, மேல வச்சா எஞ்சின் இழுக்க மாட்டேங்குதுன்னு உள்மேடையில எறக்கி வச்சு ஓட்டுறாரு. வண்டல் எவ்வளவு இருக்குன்னு பாக்க எறங்கினாரு.”

அமிர்தலிங்கத்தின் கையில் இருந்த திருப்புளி கீழே விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. எஞ்சின் திக்குகிறது என்றால் கேஸ் தீர்ந்திருக்கலாம். நேற்றுத்தான் முழுச் சிலிண்டர் அவனே அனுப்பியிருந்தான். அப்படியானால் காற்று தீர்ந்திருக்கிறது. எஞ்சினுக்கே மூச்சு முட்டுகிற இடத்தில் ஒரு மனுசன் இருக்கிறான்.

“மணி, சிலிண்டர் எங்க இருக்கு?”

“மேலதான். வேப்பமரத்தடியில. நீங்கதான கீழ வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க.”

“மூடு அத.”

“நிறுத்தினா ஊத்துத்தண்ணி ஏறிடும்ணே. காலையிலேர்ந்து எறச்சது வீணாப் போச்சுன்னு திட்டுவாரு.”

“திட்டட்டும். அவரு திட்டுற சத்தம் என் காதுல விழுந்தாப் போதும். மூடும்மா.”

போனுக்குள் எஞ்சின் சத்தம் தேய்ந்தது, இருமியது, நின்றது. அதுவரை கேட்காத காக்கைச் சத்தம் கேட்டது. மணிமொழி கூப்பிட்டாள். “இந்தாங்க, ஏங்க.” கிணறு அவள் குரலையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல் தணிந்த குரலில் சொன்னாள்.

“உக்காந்திருக்காருண்ணே. பாதிப் படியில. செவத்துல சாஞ்சு. தல தொங்குது.”

மாப்பிள்ளை கலைச்செல்வன். கடைக்கு வந்தால் கால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிற ஆள்.

பெரியசாமிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அமிர்தலிங்கம் கடைப் போனில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டு இடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். “நீங்க ஓட்டுங்க. போன நான் புடிச்சுக்கறேன்.” தன் போனில் அவர் வேறு யாரையோ அழைத்தார். “திருமுருகா, கம்ப்ரசர் டிராக்டர் எங்க நிக்குது? பாடாலூர்லயா? அப்படியே போட்டது போட்டபடி எடுத்துக்கிட்டு வா. பாறை ஒடைக்க இல்லடா, கெணத்துல காத்து விடணும்.”

திருச்சி ரோட்டில் பைக் பறந்தது. பெரியசாமி இடது கையால் அமிர்தலிங்கத்தின் தோளைப் பிடித்து, வலது கையால் போனை அவன் காதோரம் வைத்திருந்தார். லாரிகள் இரண்டு பக்கமும் சுவர்போல் வந்து போயின. எஞ்சின் துடிப்பு அவன் மண்டைக்குள் ஒரே கணக்கைப் போட்டது. ஏழுக்கு ஆறு. ஏழுக்கு ஆறு. சரி, பாதியாகவே இருந்தால்தான் என்ன? வாய் குறுகின பானையில் பாதி வேகத்தில் ஊற்றினாலும் பானை நிறையத்தான் போகிறது. கரிவாயு காற்றைவிடக் கனமானது, கிணற்றுக்குள் ஆறிப்போய் அப்படியே படுத்துக்கொள்ளும். காற்று பத்தாமல் எஞ்சின் அரைகுறையாக எரியும்போது வருவது கார்பன் மோனாக்சைடு, அதைவிடப் பொல்லாதது. சிமெண்ட் ஆலைச் சுவரில் அதற்கு ஒரு கட்டமே போடவில்லை.

“அண்ணே, நான் எறங்குறேன்.”

“எறங்காத.”

“எம்புருசண்ணே.”

“எறங்கினா நீயும் அங்கயே உக்காந்துருவ. நான் வரேன்.”

“நீங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிட்டு நிக்கிறதா? மூச்சப் புடிச்சுக்கிட்டுப் போறேன். ஒரு நிமிசம்.”

“முடியாது.”

“அர நிமிசம். பாதிப் படிதான் இருக்கு. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துடுவேன்.”

அவளும் அதே கடையில் வளர்ந்தவள். அமிர்தலிங்கம் முடியாது என்று சொன்னதை அவள் முதல் விலை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். குறைத்துக் குறைத்துக் கேட்கிறாள், நடுவில் எங்கேயாவது முடியும் என்று. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒரு துளி கூட்டாமல் பேசுகிறான், அதை நம்ப வைக்க அவனிடம் ஒரு வழியும் இல்லை.

“விளக்க எறக்கிப் பாக்கட்டா? அணையலன்னா போறேன்.”

“வேணாம். எஞ்சினுக்குப் போற குழாய்ல கேஸ் மிச்சம் இருக்கும். பத்திக்கிச்சுன்னா அவ்வளவுதான்.” சொன்ன பிறகுதான் உறைத்தது. “ஏ மணி, டீசல் எஞ்சின் ஓட்டினப்ப மாப்ள விளக்க எறக்கிப் பாத்துட்டுத்தான எறங்குவாரு? இன்னிக்கு ஏன் பாக்கல?”

“டீசல்னா நிறுத்திட்டு மேல வந்து, காத்தாட விட்டு, விளக்கு விட்டுத்தான் எறங்குவாரு. இதுக்கு வேணாமான்னு நான்கூடக் கேட்டேன். இதுல பாதிதான், மச்சானே சொல்லிட்டாருன்னாரு.”

பைக் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

மச்சானே சொல்லிட்டாரு. கலைச்செல்வன் அன்று கடையில் எஞ்சினைப் பார்த்தபோது ஒரு கேள்வி கேட்கவில்லை. விலை கேட்கவில்லை, குறைக்கச் சொல்லவில்லை. பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை பேரம் பேசுவது அழகில்லை என்று நினைக்கிற ஜாதி மனுசன். ஊரே கழித்துக்கொண்டு எடுத்துப்போன ஒரு சொல்லை அவன் ஒருத்தன்தான் முழுசாக, சிந்தாமல் வீட்டுக்கு எடுத்துப்போனான். கரும்புகையைப் பார்த்துப் பயந்து பிழைத்திருந்தவனுக்குப் புகை தெரியாத எஞ்சினையும் விற்று, அதற்குமேல் தைரியத்தையும் இனாமாகக் கொடுத்தாயிற்று.

“அண்ணே, கயித்த மரத்துல கட்டிட்டேன்.” அவள் குரலில் மூச்சு வாங்கியது. “இடுப்புல கட்டிக்கிட்டு எறங்குறேன்.”

“மணி, வேணாம், கேளு...”

பெரியசாமி போனைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

“ஆத்தா, நான் பெரியசாமி பேசுறேன். உங்கண்ணன் கடைக்கு எஞ்சின் வாங்க வந்தவன். உனக்கு யாரோ. உங்கண்ணன் பேச்ச நீ கழிச்சுக்க, நானும் கழிச்சுத்தான் எடுத்துப்பேன். இத மட்டும் கழிக்காத. எங்க சித்தப்பன் மவன் கெணத்துல இப்படித்தான் சாஞ்சான். அவன தூக்க ஒருத்தன் எறங்கினான். இடுப்புல கயிறு கட்டித்தான் எறங்கினான். அவன தூக்க இன்னொருத்தன். மூணு பேரையும் ஒரே வண்டியில ஏத்தினோம். மொதல்ல சாஞ்சவன் மட்டும் ஆஸ்பத்திரி வரைக்கும் உசிரோட வந்தான்.”

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. காக்கைகூடக் கத்தவில்லை.

“இருக்கியா ஆத்தா?”

“இருக்கேன்.”

“வேப்பங்கொத்து பெருசா ஒடி. கட்டாக் கட்டி அந்தக் கயித்துல எறக்கு. ராட்டினத்துல வாளி விடுற மாதிரி மேலயும் கீழயும் விடாம ஆட்டு. உள்ள கெடக்குற கெட்ட காத்து கலங்கட்டும், மேல இருக்குறது கீழ போவட்டும். கை ஓஞ்சாலும் நிறுத்தாத. இப்ப அவருக்கு நீ கொடுக்குற மூச்சு அதுதான்.”

கிளை முறியும் சத்தம் கேட்டது. பிறகு இலைகள் கல்லில் உரசும் சத்தம். உஷ். உஷ். இடையில் அவள் எண்ணுவதுபோல் புருசன் பேரைச் சொன்னாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து வாய்விட்டுச் சொல்லாத பேர். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தடவை. கலைச்செல்வன். உஷ். கலைச்செல்வன். உஷ். அந்தச் சத்தம் ஒரு கணம் தாமதித்தாலும் அமிர்தலிங்கத்தின் கை ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கியது. அவள் இறங்கிவிட்டாளோ என்று. மறுபடி உஷ் என்று வந்தால் மட்டுமே அவனுக்கு மூச்சு வந்தது.

பாடாலூரில் ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் இறங்கியபோது போனில் வேறு ஒரு இரைச்சல் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மணிமொழி பேசுகிறாளா அழுகிறாளா தெரியவில்லை. பெரியசாமி போனைக் காதில் அழுத்திக்கொண்டார்.

“என்னது? என்ன சத்தம்?”

“தெரியலீங்க. பேசாம ஓட்டுங்க.”

கிணற்றடிக்கு வந்தபோதுதான் தெரிந்தது. திருமுருகனின் கம்ப்ரசர் டிராக்டர் அலறிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து தள்ளி, காற்று வீசும் பக்கம் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தான், அதன் புகையும் உள்ளே போகக் கூடாதென்று. தடித்த ரப்பர் குழாய் கிணற்றுக்குள் பாம்புபோல் தொங்கி, அடியில் காற்றைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மணிமொழி இன்னும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். கொத்தில் இலையே இல்லை. வெறும் குச்சி ஏறி இறங்கியது. உள்ளங்கை தோல் உரிந்து கயிறு சிவந்திருந்தது.

அமிர்தலிங்கம் எட்டிப் பார்த்தான். பாதிப் படியில் மாப்பிள்ளை, பஸ்ஸுக்குக் காத்திருந்து தூங்கிப்போனவன்போல். கீழே உள்மேடையில், அவன் தன் கையால் பெயர்ப் பலகை ஒட்டி விற்ற எஞ்சின், பளபளவென்று, ஒரு பொட்டுக் கரிகூட இல்லாமல்.

அவன் கால் தானாகப் படியை நோக்கிப் போனது. பெரியசாமி சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார். “தங்கச்சிகிட்ட சொன்னது அண்ணனுக்கு இல்லியா?”

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடியும் முதுகில் காற்றுச் சிலிண்டரும் மாட்டிய இரண்டு பேர் கயிறு கட்டி இறங்கினார்கள். கலைச்செல்வனை வலைத் தொட்டிலில் கட்டி மேலே இழுத்துக் கிடத்தியபோது, உதடு என்ன நிறம் என்று பார்க்க அமிர்தலிங்கத்துக்குத் துணிச்சல் வரவில்லை. மணிமொழிதான் பார்த்தாள். குனிந்து காதை மூக்கருகே வைத்தாள். அவள் அப்படியே குனிந்திருந்தாள், வெகுநேரம் என்று தோன்றியது.

“வருது,” என்றாள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு தடவை கண்ணைத் திறந்தான். பெண்டாட்டியைப் பார்த்தான், பேர் சொல்லத் தெரியவில்லை, மறுபடி மூடிக்கொண்டான். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். மூளைக்குக் காற்றுப் போகாமல் எவ்வளவு நேரம் இருந்ததோ, அதற்கு இப்போது எதுவும் சொல்ல முடியாது, எழுந்து பேசட்டும், பார்ப்போம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வராந்தா பெஞ்சில் அண்ணனும் தங்கச்சியும் உட்கார்ந்தார்கள். அவள் இரண்டு கைகளிலும் கட்டு. பெரியசாமி டீ வாங்கப் போயிருந்தார். போகும்போது, “எஞ்சின பத்தி அப்புறம் பேசிக்கலாம்” என்றார். அவர் அதை வேடிக்கைக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. அமிர்தலிங்கத்துக்கு அந்தச் சொல் வேறு எங்கோ போய்த் தைத்தது.

எஞ்சின். அவன் விற்றது இந்த ஒரு எஞ்சினை மட்டும் இல்லை. கோடை இது. கிணறெல்லாம் கீழே போயிருக்கிற நேரம், தூர் வாருகிற நேரம். எல்லாரும் கழித்துக்கொண்டுதான் வாங்கினார்கள் என்று அவன் எப்படி நிச்சயமாகச் சொல்வான்? அவனை மதித்து, பேசாமல் தலையாட்டி வாங்கிப்போன முகம் ஒன்றிரண்டு இருந்தது. இப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

போனை எடுத்தான். ஏலாக்குறிச்சி அரியமுத்து.

“சொல்லுங்க மொதலாளி. எஞ்சின் தங்கமா ஓடுது.”

“எங்க வச்சு ஓட்டுறீங்க?”

“இப்ப மேலதான். தண்ணி எறங்கிட்டே போவுது, நாளைக்குக் கெணத்துக்குள்ள எறக்கலாம்னு இருக்கோம். ரெண்டு ஆளு கூட எறங்கி...”

“எறக்காதீங்க. எஞ்சினையும் எறக்காதீங்க, ஆளையும் எறக்காதீங்க.”

“ஏங்க, நீங்கதான பாதிப் புகைன்னு...”

அமிர்தலிங்கம் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்காமலே, தங்கச்சி தன் பக்கம் திரும்பிவிட்டாள் என்று தெரிந்தது.

“பாதி இல்லீங்க. டீசல் ஏழு பங்குன்னா இது ஆறு. நான் கூட்டிச் சொன்னேன். பாதியா இருந்தாலும் கெணத்துக்குள்ள ஆகாது. எங்க மாப்ள எறக்கினாரு. ஆஸ்பத்திரியில இருக்கோம்.”

“சரிங்க, எறக்கல” என்றார் அரியமுத்து. அந்தக் குரலில் ‘மொதலாளி’ இல்லை.

போனை மடியில் வைத்துக்கொண்டு அமிர்தலிங்கம் தரையைப் பார்த்தான். இப்போது அவள் கத்துவாள், செருப்பைக் கழற்றுவாள், வீட்டுப் பக்கம் வராதே என்பாள் என்று காத்திருந்தான். எது வந்தாலும் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ள அவன் தயாராக இருந்தான்.

மணிமொழி கலைச்செல்வன் இருந்த அறையின் மூடிய கதவையே பார்த்தாள். பிறகு கட்டுப்போட்ட கையால் அவன் மடியிலிருந்த போனை அவன் பக்கம் தள்ளினாள்.

“இன்னும் யாருக்கெல்லாம் அப்படிச் சொன்னீங்க?”

அவன் போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

“போடுங்க,” என்றாள்.

அடுத்த எண்ணைப் போட்டான். அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான். தங்கச்சி தன் முகத்தை அவன் தோளோரம் கொண்டுவந்து, காதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.